பகல் வெயிலும் மின்காரும்

சென்ற மாதம் ஒரு மாலை, பல்லேகலவிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கண்ணாடிச் சுவர் பளபளக்கும் கார் விற்பனை மண்டபம் ஒன்றினுள் நுழைந்தேன். வாங்கச் சென்றேன் அல்லேன். மழைக்கு ஒதுங்கினேன் என்பதே உண்மை. வெளியே வந்தபோது என் சட்டைப்பையில் ஒரு கட்டளைப் படிவம் இருந்தது. "சேர், முற்பணம் கட்டிவிட்டால் அடுத்த கப்பலில் உங்கள் பெயருக்கு ஒரு வண்டி வரும்" என்றார் அங்கிருந்த இளைஞர். என் பெயருக்கு இதுவரை கப்பலில் ஒன்றும் வந்ததில்லை. அந்தச் சொல்லிலே சிறிது மயங்கினேன்.

இலக்கிய மலரில் கார் வாங்கும் கதைக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். இன்று எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலும் இடைவேளையில் கேட்பது இப்பேச்சே. யாப்புப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே, அதுவும் மணி அடியாதிருந்தால். ஆகையால் ஆசிரியன் ஒருவன் இதனை எழுதுதல் பிழையன்று.

இப்பேச்சு இவ்வளவு வேகமாய்ப் பரவியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. ஐந்தாண்டுப் பசி. அப்பசியினும் பெரியது, 2022இன் நினைவு. அவ்வாண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவானது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோர்க்கு எரிபொருள் இல்லை என்று அரசு கைவிரித்தது. அதற்கு முன்னரே வரிசைகள் நீண்டுவிட்டன. குண்டசாலைப் பக்கத்தில் ஒரு நிலையத்தின் முன்னே இரண்டு இரவு காரினுள் உறங்கியவன் நான். பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை அவ்வரிசையிலேயே திருத்தி முடித்தேன். பின்னால் நின்ற லொறிக்காரர் ஒருவர் தேநீர் வாங்கித் தந்தார். அவர் மகன் எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதும் எனக்கு மனப்பாடமாயிற்று. அந்த இரவுகளை மறக்காதவர்களே இன்று படிவத்தை நிரப்புகிறார்கள். "இனி எவன் வாசலிலும் நிற்க வேண்டாம், வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்ளலாம்" என்பதே அவர்கள் வாதம்.

இவ்வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதே 2022இல் மின்சாரம் இருந்ததா? மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை எப்படி மறந்தோம்? டொலர் இல்லாத நாட்டில் பெற்றோற் கப்பலும் வராது. நிலக்கரிக் கப்பலும் வராது. அன்று மின்கார் வைத்திருந்தவர் வரிசையில் நிற்கவில்லை என்பது மெய்யே. இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதும் மெய்யே. என் மனைவி இதனைச் சுருக்கமாய்ச் சொன்னாள்: "வீட்டில் வெளிச்சம் போனால் மெழுகுதிரி கொளுத்தலாம், காரில் போனால் எதைக் கொளுத்துவீர்கள்?"

நான் குடியிருக்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் சென்றால் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் திறக்கப்பட்ட அந்த அணை 122 மீற்றர் உயரம். 210 மெகாவாற்று மின்வலு. பழைய தெல்தெனிய நகரம் அந்நீரின் அடியிலே கிடக்கிறது. மகாவலியின் மடியில் வீடு வைத்திருப்பவனுக்கு, தன் கார் ஆற்று நீரால் ஓடும் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு பெருமை. ஆனால் மின்கம்பி பக்கத்து அணையை மட்டும் அறியாது. மாலை ஆறரை மணிக்கு நாடெங்கும் விளக்கும் அடுப்பும் தொலைக்காட்சியும் ஒன்றாய் விழிக்கும்போது, அணைகளோடு நுரைச்சோலையின் நிலக்கரியும், எரிநெய்யும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன. பாடசாலை விட்டு வந்து, முகம் கழுவி, காரைச் செருகுகிற நேரமும் ஏறத்தாழ அதுவே. அப்போது நம் கார் ஓடுவது பெரிதும் கரியாலும் நெய்யாலும். புகை கண்டியில் இல்லை. வேறோர் ஊரில் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் புகை தேங்கிக் கிடக்கும் கண்டி நகருக்கு அதுவும் நன்மைதான் என்பதை மறுக்கவில்லை. எனினும் புத்தளத்து மக்களுக்கும் மூக்கு உண்டு.

இனி, குரங்கின் கதை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் ஒரே நொடியில் மின்சாரம் அற்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். முன்னொரு குரங்கு இலங்கைக்கு எரியூட்டிற்று என்பது காவியம். இது விளக்கை அணைத்தது. நாடே நகைத்தது, நானும் நகைத்தேன். ஆனால் குரங்கைக் கடந்து ஒரு செய்தி அதிலே உண்டு. அன்று விடுமுறை நாள், தொழிற்சாலைகள் உறங்கின, மின்தேவை தாழ்ந்திருந்தது. வீட்டுக் கூரைகளில் உள்ள சூரியத் தகடுகளோ வெயிலில் மும்முரமாய் மின் பொழிந்துகொண்டிருந்தன. கனத்த சுழற்பொறிகள் குறைவாய் ஓடும் அத்தகைய வேளையில் மின்தொகுதி மெலிந்த காலில் நிற்கும். சிறு தள்ளலுக்கும் சாயும். சாய்ந்தது. நுரைச்சோலைப் பொறிகளும் உடன் நின்றமையால் அடுத்து வந்த நாள்களிலும் முறைவைத்து மின்வெட்டு.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், இன்னும் விந்தையான ஒரு வேண்டுகோள் வந்தது. கூரைத் தகடு வைத்திருப்போர் பிற்பகல் மூன்று மணிவரை அவற்றை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. என் கூரையிலும் 5 கிலோவாற்றுத் தகடு உண்டு. 2022இன் அச்சத்தில் கடன்பட்டு வைத்தது. ஏணி வைத்து ஏறி, ஆளியை நிறுத்திவிட்டு இறங்கினேன். மூன்று ஆண்டுக்கு முன் மின்னில்லை என்று அழுத நாடு, பகலில் மின் மிகுதி என்று அழுகிறது. இரவில் நெய் எரிக்கிறது.

ஆகவே, மின்கார் நல்லதா தீயதா என்பது வெறுங் கேள்வி. எப்போது, எங்கே அதனைச் செருகுகிறோம் என்பதே கேள்வி. இங்கேதான் ஆசிரியனுடைய நிலை வேடிக்கையாகிறது. என் கூரையில் வெயில் காயும்போது என் கார் வீட்டில் இல்லை. கண்டியில், பாடசாலை முற்றத்து மாமர நிழலில் நிற்கிறது. கார் வீடு திரும்பும்போது வெயில் மலைக்கு அப்பால் சாய்ந்துவிடுகிறது. பகலில் கொடுத்ததை இரவில் திருப்பி எடுத்துக்கொள் என்று மின்பட்டியல் கணக்குச் சொல்லும். தாளிலே அக்கணக்குச் சரி, கம்பியிலே சரியன்று. நேரத்துக்கேற்ற கட்டண முறையும் இரவு பத்தரைக்கு மேல் மின்னேற்றுக என்றே வீட்டுக்காரருக்கு விலையால் சொல்கிறது. அது உச்ச நேரத்தைத் தவிர்க்கும். நண்பகல் மிகுதியை அது தொடவில்லை.

சிறு கணக்கொன்று போட்டேன். நடுத்தர மின்கார் நூறு கிலோமீற்றருக்குப் பதினைந்து, பதினாறு அலகு மின் செலவழிக்கும். எனக்கு நாளொன்றுக்குப் போக வர இருபத்தைந்து கிலோமீற்றர். நான்கு அலகு! சாதாரண மூன்று முனைப் பிளக்கிலே இரண்டு மணிநேரம். ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும் பாடசாலையில், ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் இடையே காயும் வெயிலிலே இது எளிதில் முடிந்துவிடும். விற்பனை மண்டபத்து இளைஞர் எனக்குக் காட்டியது, சுவரளவு உயர்ந்த விரைவு மின்னேற்றியின் படம். வீட்டுக்கென்று அவர் எழுதித் தந்ததும் ஏழு கிலோவாற்றுப் பெட்டி. என் வீட்டு இணைப்போ 30 அம்பியர். அப்பெட்டி அதனை முழுதாய் விழுங்கும், சோற்றுப் பானை ஏற்றினால் உருகி போகும். நமக்கு வேண்டியது அதுவன்று. பகல் முழுவதும் வண்டி சும்மா நிற்கும் இடங்களிலே, பாடசாலையிலும் கச்சேரியிலும் மருத்துவமனையிலும், மெதுவாய் ஏற்றும் சில பிளக்குகளே வேண்டும். பெற்றோல் காருக்குத் தீர்வையை இயந்திரத்தின் கனவளவால் அளக்கும் அரசு, மின்காருக்கு மோட்டாரின் கிலோவாற்றால் அளக்கிறது. துறைமுகத்தில் இவ்வளவு நுட்பமாய் அளப்பவர்கள், பாடசாலை முற்றத்தில் ஒரு மானி வைக்க நினைத்திலர்.

இதற்கு மறுப்பும் வலிதே. நேற்று ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது விஞ்ஞான ஆசிரியை கேட்டார்: "பண்டிதர் ஐயா, ஆய்வுகூடத்திலே நான்கு மின்விசிறியில் மூன்று சுற்றவில்லை. உங்கள் காருக்குப் பிள்ளைகளின் மின்சாரமா?" நாணினேன். பாடசாலை மின்பட்டியல் பொதுப்பணம். அதிலே ஓர் அலகு தொட்டாலும் களவுதான். தனி மானி வைத்து, மாதக் கடைசியில் அவரவர் பணம் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அலகுக்கு ஓரிரு ரூபா மேலதிகமாய்க் கொடுத்து அந்த மூன்று விசிறிகளையும் சுற்றவைக்கலாம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் பேருந்தில் தொங்கி வருபவர்கள் என்பதையும் அந்த அம்மையார் நினைவூட்டினார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மின்கலவடுக்கின் ஆயுள் இன்னோர் அச்சம். (பற்றரிக்கு 'மின்கலம்' என்பாரும் 'மின்கலவடுக்கு' என்பாரும் உளர். பல கலங்களை அடுக்கியது ஆதலின் பின்னதே பொருந்தும். கலம் என்றால் கப்பலும் ஆம். கப்பலில் வருவதால் அதுவும் பொருந்துமோ!) 2015இல் தீர்வை தாழ்ந்திருந்தபோது ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப் கார்கள் நம் நாட்டுக்குப் பெருவாரியாய் வந்தன. அவற்றில் மின்கலவடுக்கைக் குளிர்விக்கத் தனிப்பொறி இல்லை. வெப்பம் அதன் கொள்ளளவை ஆண்டுதோறும் தின்றது. என் நண்பர் ஒருவர் அத்தகைய காரில் கொழும்புக்குப் புறப்பட்டு, இடைவழியில் உறவினர் வீடு தேடி, ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்து மின்னேற்றிய கதை எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். இன்றைய கார்கள் பலவற்றில் இருப்பது இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை. நீண்டநாள் உழைப்பது, எளிதில் தீப்பற்றாதது. எட்டாண்டு உத்தரவாதம் தருவாரும் உளர். எனக்கு வயது ஐம்பத்தாறு. அறுபதில் ஓய்வு. அறுபத்து நான்கில் உத்தரவாதம் முடியும். அதன்பின் அவ்வடுக்கு மெலிந்தால், ஓய்வூதியக்காரன் புதியது வாங்குவது எங்ஙனம்? விற்பனையாளரிடம் இதைத்தான் முதலிற் கேட்டேன். "அந்தக் காலம் வரும்போது விலை குறைந்துவிடும் சேர்" என்றார். குறையலாம். எழுதித் தர அவர் உடன்படவில்லை.

மலையைப் பற்றிப் பலர் வீணே அஞ்சுகிறார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏற்றம் ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர். அதற்கென்று மேலதிகமாய்ச் செல்வது இரண்டு அலகுக்குச் சற்று மேல். கடுகண்ணாவையில் இறங்கும்போது மோட்டாரே பின்னோக்கி மின் பிறப்பித்து அதில் பாதிக்கு மேல் திருப்பித் தந்துவிடும். யாழ்ப்பாணம் முந்நூற்றுச் சொச்சக் கிலோமீற்றர். ஆண்டுக்கு இருமுறை போகிற எனக்குப் பேருந்து இருக்கிறது.

என் மனத்தை உண்மையில் அசைத்தது வேறொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மலைகளைச் சரித்தபோது எங்கள் பகுதி இருண்டது. கூரையில் தகடு இருந்தும் பயனில்லை. பெருந்தொகுதியில் மின் அற்றால், கம்பியில் வேலைசெய்வோரின் உயிர் காக்க அத்தகடுகளும் தாமே நின்றுவிடும். புயல் ஓய்ந்து வெயில் எறித்த பிறகும் கூரையில் மின் இல்லை. அயல்வீட்டு முதியவருக்கு மூச்சுக்கருவி வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் மின்கார் வைத்திருந்தார். அதிலிருந்து வெளியே மின் எடுக்கும் வசதி இருந்தது. வண்டியை முதியவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கம்பி இழுத்துக் கொடுத்தார். நாங்களும் கைப்பேசிகளை அங்கேதான் ஏற்றினோம். காரில் ஐம்பது அலகு இருந்தால் சிறு வீடொன்றின் விளக்குக்கும் விசிறிக்கும் பத்து நாள் போதும். மெழுகுதிரிக் கேள்வி கேட்ட என் மனைவி அன்றிரவு ஒன்றும் பேசவில்லை.

படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பெயர், முகவரி, விரும்பும் நிறம் மூன்றும் எழுதிவிட்டேன்; நிறம் மனைவியின் தெரிவு. முற்பணக் கட்டம் வெறுமையாய் இருக்கிறது. அதனருகே மற்றொரு தாள், அதிபருக்கு முகவரியிட்டது. மாமரத்தடிச் சுவரில் இரண்டு பிளக், ஒரு மானி, பணம் கட்டுவதற்கு ஒரு பற்றுப் புத்தகம் என்று அதில் கேட்டிருக்கிறேன். விஞ்ஞான ஆசிரியையும் கையொப்பமிட இசைந்திருக்கிறார், விசிறிகளைப் பற்றிய வரி முதலில் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. திங்கட்கிழமை கொடுக்கிறேன். அதிபரின் மறுமொழி வரும்வரை கப்பல் காத்திராது என்கிறார் இளைஞர். அடுத்த கப்பல் இல்லையா என்று கேட்டிருக்கிறேன்.