பசங்க வரவில்லையா, நாம் விடவில்லையா?

போன மாதம் சங்கக் கூட்டத்தில் மறுபடியும் அதே பேச்சு. "இப்போ ரிட்டையர்டு ஆகி வர்ற பசங்களுக்குச் சங்கம்னா அக்கறையே இல்லை." சொன்னவர் பதினாலு வருஷமாக ஒரே பொறுப்பில் இருப்பவர். நானும் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். பஸ் காட்டேரிக்குப்பம் வந்து சேருவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது.

எந்தச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் இதைப் படிக்கிற முன்னாள் ராணுவத்தினரில் பாதிப்பேர் தங்கள் சங்கத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

சிப்பாயாகச் சேர்ந்தவன் பதினைந்து, பதினேழு வருஷம் முடித்து வெளியே வரும்போது வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். வீட்டுக்கடன் இருக்கும். வந்த மறு மாதமே திருபுவனையிலோ சேதராப்பட்டிலோ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறான், இல்லையென்றால் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறான். பன்னிரண்டு மணி நேர டூட்டி. நாம் கூட்டம் போடுவது எப்போது? வேலைநாள் காலை பத்து மணிக்கு. நமக்கு வேலை இல்லை, பத்து மணிக்கு வந்துவிடுகிறோம். வராதவனுக்கு அக்கறை இல்லை என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதாத குறை.

தப்பித்தவறி லீவு போட்டு ஒருவன் வந்தால் என்ன நடக்கிறது? முன்வரிசை நாற்காலி எல்லாம் ரேங்க் பார்த்துப் போடப்பட்டிருக்கும். சுபேதார் பேசி முடிக்க அரைமணி நேரம். நாயக்காக வந்தவன் கை தூக்கினால், "உட்காருப்பா, நேரமாச்சு." பட்டாளத்தில் ரேங்க் வேண்டும், அது இல்லாமல் பட்டாளம் இல்லை. ஆனால் இருநூறு ரூபாய் சந்தா எல்லாரும் ஒரே மாதிரிதானே கட்டுகிறோம்? சங்கத்தில் எதற்கு ரேங்க்?

தேர்தல் பற்றிக் கேட்கவே வேண்டாம். "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்ற ஒரு வரியை வருஷா வருஷம் எழுதியவன் நான்தான். ஒன்பது வருஷம் பொருளாளர். ஏகமனது என்றால் வேறு யாரையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

என் பங்குக்கு ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு அம்மா கூட்டத்துக்கு வந்தது. கணவர் இறந்து நாலு மாதம். குடும்ப பென்ஷன் வரவில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் அவருடைய பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, இனிஷியலும் வேறு. நம் வீட்டுப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு உள்ள பிரச்சினைதான். தலைவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் சந்தா கட்டியிருக்காரா?" நான் ரிஜிஸ்டரைப் புரட்டி, "மூணு வருஷம் பாக்கி" என்றேன். அந்த அம்மா, "கட்டிடறேண்ணா, எவ்வளவு?" என்று முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தது. வாங்கி ரசீது போட்டேன். அப்புறம் அவருக்காக ஒரு கடிதம்கூட நாங்கள் எழுதவில்லை.

வேலையை முடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? பேங்க் வாசலில் நிற்கிற ஒரு பையன். நம் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. நைட் டூட்டி முடித்துவிட்டு அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு நோட்டரியிடம் அபிடவிட் போட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி, ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு முப்படை வீரர் நலத்துறை வழியாக அனுப்பி, பார்ட் டூ ஆர்டர் வர வைத்து, ஸ்பார்ஷில் ஏற்றிக் கொடுத்தான். எட்டு மாதம் அலைந்திருக்கிறான். இவனுக்கா அக்கறை இல்லை?

'சங்கம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பென்ஷன் பேங்கில் வருகிறது, சரக்கு கேன்டீனில் வருகிறது' என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் தானாக வரவில்லை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் நம் ஆட்கள் வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் செப்டம்பர் 5 அன்று அறிவிப்பு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று இருந்தும், 2019 ஜூலை முதல் சேரவேண்டிய திருத்தத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது 2022 டிசம்பரில். அதுவும் முன்னாள் ராணுவத்தினர் அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகு. தனியாளாகப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நம் புதுச்சேரியில் இன்னொரு பட்டாளமும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தாக்கள். ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். 1938-ல் கட்டின அந்தப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் நிற்கிற வரிசையில் இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள், அந்தக் காலம் திரும்பி வராது. நமக்கு அப்படியா? ஒவ்வொரு வருஷமும் நம் கிராமங்களுக்கு ஆள் திரும்பி வந்துகொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அக்னிவீரர்கள். 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு நான்கு வருஷம் 2026 கடைசியில் முடிகிறது. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதியை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஊருக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது, ஈசிஎச்எஸ் கிடையாது, கேன்டீன் கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தே கிடையாது என்று திட்டத்தின் விதியிலேயே எழுதியிருக்கிறது.

கூட்டத்தில் இதை எழுப்பினேன். "கவர்ன்மென்டே ஒத்துக்காதவங்களை நாம எப்படிச் சேர்க்கிறது?" என்றார்கள். கவர்ன்மென்ட் விதி கவர்ன்மென்டுக்கு. நம் துணைவிதியை எழுதியது நாம். பொதுக்குழு கூடி மாற்றினால் மாறும். அமெரிக்காவில் அமெரிக்கன் லீஜன் என்று 1919-ல் தொடங்கிய பெரிய சங்கம் இருக்கிறது. குறிப்பிட்ட போர்க்காலங்களில் பணிசெய்தவர்கள் மட்டும்தான் சேரலாம் என்று அதற்கு விதி. இடைப்பட்ட வருஷங்களில் பணிசெய்தவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, 2019-ல் நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். நாம் நாலு பக்க நோட்டைத் திருத்த யோசிக்கிறோம்.

சியாச்சினில் நிற்கிற பையன் நான்கு வருஷம் நின்றால் என்ன, பதினேழு வருஷம் நின்றால் என்ன, குளிர் ஒன்றுதான். அவனுக்குச் சலுகை வாங்கித் தர நம்மால் முடியாமல் போகலாம். வேலைக்கு மனு போட உதவலாம், உட்கார நாற்காலி கொடுக்கலாம். அதையும் கொடுக்காவிட்டால் இருபது வருஷம் கழித்து நம் பெயர்ப்பலகையைக் கழற்றி வைக்கக்கூட ஆள் இருக்காது.

அனுபவம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதற்கு ஆலோசகர் என்று ஒரு பதவி போட்டு நம்மை ஓரமாக உட்கார வையுங்கள், கேட்டால் சொல்கிறோம்.

வருகிற பொதுக்குழுவில் நான் மூன்று தீர்மானம் கொண்டுவருகிறேன். எந்தப் பொறுப்பிலும் இரண்டு தடவைக்கு மேல் இல்லை. இறந்த உறுப்பினரின் மனைவி சந்தா பாக்கி பார்க்காமல் வாக்குரிமையோடு உறுப்பினர். அக்னிவீரர்களுக்கு முழு உறுப்பினர் தகுதி. கூட்டம் ஞாயிறு சாயங்காலம், ஒவ்வொரு முறை ஒரு கிராமத்தில் என்பதைத் தீர்மானம் இல்லாமலேயே செய்யலாம். பொருளாளர் வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அந்தப் பேங்க் பையனிடம் பேசியிருக்கிறேன். "டூட்டி மாத்திக்கிட்டு வரேன் சார்" என்றிருக்கிறான்.

முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று எனக்குப் போன் செய்யப்போகிறவர்கள், அன்றைக்கு அங்கே வந்து கையைத் தூக்குங்கள்.