காரின் கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் மெயில் அனுப்பக் கற்றுக் கொள்கிறார்கள். இரண்டாவது மாதத்தில் பாட்டு, படம். மூன்றாவது மாதத்தில் அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை இன்னும் கொஞ்சம் வேகமாக்க முடியாதா?" இப்போது இதே கேள்வியைக் காருக்கும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்பதில் தவறில்லை. எங்கே, எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குச் சில கருத்துகள் உண்டு.

சென்ற ஆண்டு முசிறியில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் லேப்டாப்புடன் வந்தார். சொந்த டீசல் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர். "அண்ணே, இதில் ஒரு பைல் இருக்கிறது. வண்டியில் ஏற்றினால் முப்பது குதிரை சக்தி கூடுமாம். லேப்டாப் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, பாருங்களேன்" என்றார். பைல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நண்பரின் பென் டிரைவில் இருந்து வந்ததாம். நண்பருக்கு யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. வண்டியில் ஏற்கனவே உள்ள பைலைக் காப்பி எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். எடுக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறார். பைல் பாதி ஏறிக் கொண்டிருந்தபோது லேப்டாப் தானாக ஸ்லீப் மோடுக்குப் போய்விட்டது. அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. கட்டி இழுத்துத் திருச்சிக்குக் கொண்டு போனார்கள். செலவு ஒரு நல்ல லேப்டாப்பின் விலை.

மதர்போர்டில் பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். அவருக்கு நடந்ததும் அதேதான். போர்டு மட்டும் இரண்டு டன் எடையுள்ள வண்டிக்குள் இருந்தது.

காரில் உள்ள இந்தக் கம்ப்யூட்டரை ஈ.சி.யூ. என்பார்கள். அலுமினியப் பெட்டிக்குள் ஒரு பிராசஸர், கொஞ்சம் மெமரி, நிறைய வயர்கள். திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு, அதன் சூடு என்ன என்பதையெல்லாம் சென்சார்கள் மூலம் படித்து, இந்த நொடியில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் டீசல் இன்ஜின் வந்தது முதல், டீசல் கார்களில் இந்த முடிவு முழுக்கக் கம்ப்யூட்டரின் கைக்குப் போய்விட்டது எனலாம்.

அந்த முடிவை அது எப்படி எடுக்கிறது? எக்ஸெல் ஒர்க்‌ஷீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வரிசைகளில் இன்ஜின் சுற்று, பத்திகளில் மிதியின் அளவு. இரண்டும் சந்திக்கும் செல்லில் ஓர் எண். அந்த எண்தான் டீசலின் அளவு. இதைத்தான் மேப் என்கிறார்கள். டீசலுக்கு ஒரு மேப், டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, புகை எல்லை மீறாமல் இருக்க ஒன்று, கியர்பாக்ஸ் தாங்கும் அளவுக்கு மேல் இழுவை போகாமல் தடுக்க ஒன்று என்று ஏகப்பட்ட ஷீட்டுகள். ஆனாலும் பைல் பெரியதல்ல. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல டீசல் கார்களில் மொத்தமும் 512 கே.பி.தான். பழைய பிளாப்பி ஒன்றில் இரண்டு காப்பி எடுத்து வைக்கலாம். காப்பி எடுக்காததற்கு இடம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

டியூனிங் என்பது இந்த செல்களில் உள்ள எண்களை மாற்றுவது. நம் ஊரில் இதை "சிப் போடுவது" என்கிறார்கள். பெரும்பாலும் எந்தச் சிப்பும் போடப்படுவதில்லை, பைலைத்தான் மாற்றுகிறார்கள். கம்பெனி ஏன் முதலிலேயே பெரிய எண்ணைப் போடவில்லை என்ற சந்தேகம் நியாயமானது. மட்டமான டீசல், மே மாத வெயில், மலைப் பாதை, பத்து வருட ஓட்டம், புகைச் சட்டம் எல்லாவற்றையும் நினைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். அந்த இடைவெளியைத்தான் நாம் எடுத்துச் செலவழிக்கிறோம். டீசலைக் கூட்டினால் இழுவை கூடும். கூடவே கரும்புகையும், எக்ஸாஸ்ட் சூடும் கூடும். டர்போவும் கிளட்சும் அந்தக் கணக்கைப் பின்னால் தீர்க்கும். ஓவர்கிளாக் செய்த பிராசஸர் சூடேறினால் கம்ப்யூட்டர் அணைந்து போகும். மறுபடி போட்டுக் கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை.

இனி வேகத்துக்கு வருவோம். கார் வேகத்தை அளக்க உலகம் ஏற்றுக் கொண்ட எளிய வழி டிராக் ரேஸ். நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி. சுமார் 402 மீட்டர். இது பிறந்த இடம் காலியாகக் கிடந்த விமான ஓடுதளங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் 1950-ல் விமானத் தளத்தில்தான் முறையான டிராக் போட்டிகள் தொடங்கின. நம் தமிழ்நாட்டுக் கதையும் அதேதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. சோழவரம் ரேஸ் என்றால் அந்தக் காலத்தில் திருச்சிப் பக்கத்திலும் தெரியும். பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறக்கப்பட்டது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

எஸ்.யூ.வி.க்கும் டிராக் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த ஆசை புதிதல்ல. 1992-லேயே அமெரிக்காவில் ஜி.எம்.சி. டைஃபூன் என்ற டர்போ எஸ்.யூ.வி. 280 குதிரை சக்தியுடன் வந்தது. 2018 மாடலாக வந்து 2021 மாடலுடன் நின்றுபோன ஜீப் கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக் 707 குதிரை சக்தி. கிட்டத்தட்ட 2,430 கிலோ எடையுள்ள அந்த வண்டி கால் மைலை 11.6 விநாடியில் முடிக்கும் என்று கம்பெனி சொன்னது. நான்கு சக்கரமும் தரையைப் பிடித்து இழுப்பதால் கிளம்பும்போது வழுக்காது. டிராக் ரேஸில் முதல் 60 அடிதான் முக்கியம். அங்கே மிச்சம் பிடிக்கும் நேரம், முடிவில் அதைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். டிராக் ரேஸ்காரர்கள் வெகு காலமாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. கிலோ கணக்குக்கு மாற்றித் தருகிறேன். முதல் செல்லில் வண்டியின் எடையை, டிரைவரையும் சேர்த்து, கிலோவில் டைப் செய்யவும். பக்கத்து செல்லில் குதிரை சக்தி. மூன்றாவது செல்லில்

=7.58*(ஏ1/பி1)^(1/3)

என்று கொடுக்கவும். (ஏ, பி இரண்டையும் ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.) என்டர் தட்டினால் கால் மைலுக்கு எத்தனை விநாடி என்று தோராயமாக வரும். டிராக்ஹாக்குக்கு டிரைவருடன் 2,510 கிலோ, 707 என்று கொடுத்துப் பாருங்கள்: 11.56. கம்பெனி சொன்னதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

அடுத்து நம் ஊர் டீசல் எஸ்.யூ.வி. ஒன்று. 2,000 கிலோ, 120 குதிரை சக்தி என்று வைப்போம். விடை 19.4 விநாடி. முப்பது குதிரை சக்தி கூட்டி 150 ஆக்கினால் 18 விநாடி. அதாவது இன்ஜினை கால் பங்கு கூடுதலாக வதைத்துக் கிடைப்பது 1.4 விநாடி. அதே வண்டியில் சைரன் மாதிரியான ஹாரன், கூரைக் கேரியர், பின்னால் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் கட்டிய இரும்பு பம்பர் என்று நூறு கிலோவை இறக்கி வைத்தால் 0.3 விநாடி சும்மாவே கிடைக்கிறது. இதற்கு பென் டிரைவ் தேவையில்லை. முசிறி நண்பருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார். முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்!

ஸ்ட்ரிப்பில் டியூனிங் செய்பவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் நம் கம்ப்யூட்டர் பழக்கங்களுக்கே பாடம் இருக்கிறது. முதலில் எதையும் மாற்றாமல் ஓட்டுவார்கள். லாக் பைலை லேப்டாப்பில் இறக்கி, சூடு, அழுத்தம், சுற்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம். மறுபடி ஓட்டம். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாது. வெயிலையும் கணக்கில் எடுப்பார்கள். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட 40 டிகிரி காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. காலை ஆறு மணிக்குப் புது மேப்பையும், உச்சி வெயிலில் பழைய மேப்பையும் ஓட்டிவிட்டு "புதுசு பிரமாதம்" என்று சொன்னால், பாதிப் பெருமை காலைக் காற்றுக்குச் சேர வேண்டும். வைரஸ் ஸ்கேன் ஓடிக் கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் வேகத்தை அளப்பது போலத்தான் இது.

இதெல்லாம் நடக்க இடம் வேண்டும். நம் பிரச்சினையே அங்கேதான். முசிறியில் இருந்து தொட்டியம் வழியாக நாமக்கல் போகும் சாலையில் வாழைத்தார் லாரி, கோரை ஏற்றிய டிராக்டர், பள்ளிக்கூட சைக்கிள் எல்லாம் போகும். மேலே சொன்ன 150 குதிரை சக்தி வண்டி கால் மைல் முடிவில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விநாடிக்கு 33 மீட்டர். வயலில் இருந்து டிராக்டர் ரோட்டில் ஏறுவதைப் பார்த்து, மூளை காலுக்குச் செய்தி அனுப்புவதற்குள் ஒரு விநாடி போய்விடும். பொதுச் சாலையில் மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ஆனது. ஆனால் அபராதத்தை மட்டும் உயர்த்திக் கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடம் தராமல் தடை மட்டும் போட்டால் பையன்கள் இரவு பதினோரு மணிக்கு ஓட்டுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் போர்க் காலத்து ஓடுதளங்கள் பல ஆண்டுகள் விமானம் இறங்காமலே கிடந்தன. இவற்றில் ஒன்றை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நிறுத்தி, ஹெல்மெட் போட்டவர்களை மட்டும் விட்டுத் திறந்தால் என்ன? பெரிய பரிசு வேண்டாம். அமெரிக்காவில் பிராக்கெட் ரேஸ் என்று ஒரு முறை உண்டு. உங்கள் வண்டி எத்தனை விநாடியில் முடிக்கும் என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். 19.4 விநாடி வண்டிக்கு முதலில் பச்சை விளக்கு. 15 விநாடி வண்டிக்கு 4.4 விநாடி கழித்துத்தான் பச்சை. எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக முடித்தால் தோல்வி! எனவே திருட்டு மேப் போட்டு ஜெயிக்க முடியாது. தன் வண்டியைச் சரியாக அளந்து வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். ஐந்து லட்ச ரூபாய் பழைய வண்டி ஐம்பது லட்ச ரூபாய் வண்டியைத் தோற்கடிக்கலாம். இதைவிட நம் மக்களுக்கு ஏற்ற பந்தயம் எனக்குத் தெரியவில்லை.

அது வரும்வரை ஆர்வம் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டர் வாங்கி, மொபைலில் இன்ஜின் சூடு, டர்போ அழுத்தம் போன்றவற்றைப் படிக்கலாம். படிப்பதோடு நிறுத்திக் கொள்ளவும், எழுத வேண்டாம். ஓட்டும்போது திரையைப் பார்க்கவும் வேண்டாம். லாக் பைலை வீட்டுக்கு வந்து எக்ஸெல்லில் திறந்தால் போதும். அப்படியே மேப் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரிஜினல் பைலின் காப்பி இரண்டு இடத்தில் இருக்கட்டும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். ஸ்லீப் மோடை அணைத்து வையுங்கள். கார் பேட்டரிக்கும் சார்ஜர் கொடுங்கள். வாரண்டியை மறந்துவிடுங்கள், பல ஈ.சி.யூ.க்கள் தன் மீது எத்தனை முறை எழுதப்பட்டது என்பதையே குறித்து வைத்துக் கொள்கின்றன.

முசிறி நண்பரின் வண்டி இப்போது கம்பெனி மேப்பிலேயே ஓடுகிறது. கூரைக் கேரியரையும் இரும்பு பம்பரையும் கழற்றிவிட்டார். போன வாரம் லேப்டாப்பைக் கொண்டு வந்து ஒரு ஷீட்டைக் காட்டினார். எடை, சக்தி, தேதி, காற்றின் சூடு என்று பத்தி பத்தியாகப் போட்டிருக்கிறார். கடைசிப் பத்தியின் தலைப்பு "உண்மையில் எடுத்த நேரம்". அது மட்டும் காலியாக இருக்கிறது. எந்த ஓடுதளம் திறந்தாலும் முதல் வரிசையில் நிற்பேன் என்கிறார்.