கடற்படை பரிசோதித்த பறக்கும் தட்டு

பறக்கும் தட்டுப் படங்களை அரசாங்கங்கள் மூடி மறைத்துவிடும் என்பது பொதுவான குற்றச்சாட்டு. பிரேசிலில் நடந்தது நேரெதிர்.

1958 ஜனவரி 16. அட்லாண்டிக்கில், பிரேசில் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள டிரின்டேட் என்ற பாறைத் தீவு. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்கான ஆய்வுப் பணியில் வந்திருந்த கடற்படைக் கப்பல் 'அல்மிரான்டே சல்தான்யா' புறப்படத் தயாராக நின்றது. நண்பகலில் மேல்தளத்தில் கூச்சல்: வானத்தில் ஏதோ பறக்கிறது! கப்பலில் இருந்த சிவிலியன் புகைப்படக்காரர் அல்மீரோ பராவுனா தன் ரோலிஃப்ளெக்ஸில் ஆறு படங்கள் எடுத்தார். நான்கில், சனிக் கிரகத்தைப் போல இடுப்பில் வளையம் கட்டிய ஒரு வடிவம்.

ஃபிலிம் கப்பலிலேயே கழுவப்பட்டது. பிரிண்ட் போடத் தாள் இல்லை. அதிகாரிகள் பார்த்தது நெகட்டிவ்களைத்தான். ஃபிலிம் கழுவும்போது இருட்டறையில் பராவுனாவுக்குத் துணையாக இருந்தவர் அவருடைய நண்பர், ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி. கப்பலின் கேப்டன் அந்தப் பொருளை நேரில் பார்க்கவில்லை.

கடற்படை சும்மா இருக்கவில்லை. பராவுனாவை வரவழைத்து விசாரித்தது. நெகட்டிவ்களைத் தன்னுடைய நிபுணர்களிடமும், குருசேரோ டோ சுல் என்ற வான்வழிப் படப்பிடிப்பு நிறுவனத்திடமும் கொடுத்துப் பார்த்தது. ஒட்டுவேலைக்கான தடயம் இல்லை என்றார்கள். படங்கள் அதிபர் குபிசெக் வரை போய், பிப்ரவரியில் பத்திரிகைகளில் வெளியாயின. கடற்படையே முத்திரை குத்திவிட்டதாக உலகம் நம்பியது.

உண்மையில் கடற்படையின் அறிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை. ஒட்டுவேலை முன்கூட்டியே நடக்கவில்லை என்று நிரூபிக்க முடியாததால் படச் சான்றின் வலு குறைகிறது என்று அது ஒப்புக்கொண்டிருந்தது. முதலிலேயே பாதிப் படத்தைப் பதித்துக்கொண்டு வந்த ஃபிலிமில் கத்தரிக்கோல் தழும்பைத் தேடினால் கிடைக்குமா? படத்துக்குப் பரிசோதனைச்சாலை இருந்தது. படம் எடுத்தவருக்கு இல்லை. பராவுனாவோ தந்திரப் படங்களில் தேர்ந்தவர். போலிப் பறக்கும் தட்டுப் படங்களைத் தயாரித்து, முன்பே ஒரு பத்திரிகையில் வேடிக்கையாக வெளியிட்டவர். அமெரிக்க வானியலாளர் டொனால்ட் மென்ஸல் 1963இல் வெளியான தன் புத்தகத்தில் இதை இரட்டைப் பதிவு மோசடி என்றே சொன்னார்.

பராவுனா 2000இல் காலமானார். பத்து வருடம் கழித்து, 2010இல், அவர் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் பிரேசில் தொலைக்காட்சியில் பேசினார்: இரண்டு கரண்டிகளைச் சேர்த்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பின்னணியாக வைத்து எடுத்ததாக பராவுனாவே தன்னிடம் சொன்னாராம்.

இதுவும் காதால் கேட்ட சாட்சிதான். தட்டின் ஆதரவாளர்கள் அதை ஏற்கவில்லை. கரண்டி என்றால் மேல்தளத்தில் கூச்சல் போட்டவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்கிறார்கள்.