காயலாங்கடைக்குப் போகும் கப்பல்கள்

கும்மிடிப்பூண்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். நசுங்கிய டிரம், துருப்பிடித்த தகடு, உடைந்த இயந்திரம் எல்லாம் அதில் கிடக்கும். அத்தனையும் உலைக்குள் போகும். உருகும். பிறகு கம்பியாக வெளியே வரும். நம்முடைய வீட்டுக் கூரைக்குள் இருப்பது அந்தக் கம்பிதான்.

நல்ல தொழில். பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், உலைக்குள் போன பொருள் திரும்பி வராது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

பழைய நீராவிக் கப்பல்களை நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன். பழைய இரும்புக் கடையைக் "காயலாங்கடை" என்கிறோமே, அந்தப் பெயரே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று சொல்வார்கள். கடற்கரை ஊரின் பெயர் பழைய இரும்புக்கு வந்து ஒட்டிக்கொண்டது, பாருங்கள்!

வ.உ.சிதம்பரனாரை அறியாத தமிழர் உண்டா? 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1907-ல் "காலியா" என்ற நீராவிக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. சாதாரண வகுப்பில் மட்டும் 1300 பேர் போகலாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அது ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில், "சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள்" என்றது. ஏறியவர்களுக்குக் குடைகூட இனாமாகக் கொடுத்தது என்று சொல்வதுண்டு! 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். கம்பெனி நொடித்தது. காலியாவை அந்த வெள்ளைக்காரக் கம்பெனியே வாங்கிக்கொண்டது.

சிறையில் அவர் இழுத்த செக்கை நாம் பாதுகாத்து வைத்திருக்கிறோம். நல்ல காரியம். அவர் ஓட்டிய கப்பல் எங்கே? ஒரு திருகாணியாவது நம்மிடம் உண்டா?

சரி, அது எதிரி கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த கப்பல்களையாவது காப்பாற்றினோமா?

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. "போட் மெயில்" ரயில் எழும்பூரில் புறப்பட்டுத் தனுஷ்கோடிவரை போனது. அங்கே ரயிலை விட்டு இறங்கினால் நீராவிக் கப்பல் நிற்கும். சுமார் 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில். இர்வின், கோஷன் என்று கவர்னர் துரைமார் பெயரெல்லாம் அந்தக் கப்பல்களுக்கு இருந்தன. தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் போனார்கள். வியாபாரிகள் போனார்கள். கல்யாணமான பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

1964 டிசம்பர் 22-ந்தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கையில் கலவரம் மூண்டபின் அதுவும் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் புதிய பயணிகள் கப்பல் விட்டார்கள். அது இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பழைய நீராவிக் கப்பல்களில் ஒன்றையாவது பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? முடியாது.

ஸ்காட்லாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா?

அங்கே "வேவர்லி" என்று ஒரு நீராவிக் கப்பல். அதே பெயருள்ள முந்தைய கப்பல் 1940-ல் போரில் மூழ்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டி, 1946-ல் நீரில் இறக்கிய கப்பல் இது. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சக்கரங்கள். சக்கரத்தில் பலகைகள். சக்கரம் சுழலச் சுழலப் பலகை தண்ணீரைத் தள்ளும். கப்பல் முன்னே போகும்.

1973-க்குப் பிறகு, "கட்டுப்படியாகவில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். பழைய கப்பல்மீது ஆசை கொண்ட சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1974-ல் அவர்களுக்குக் கப்பலை விற்றார்கள். விலை என்ன? ஒரே ஒரு பவுண்டு! அன்றைய நம் கணக்கில் சுமார் 20 ரூபாய். அது மறுபடியும் ஓடும் என்று பலர் நம்பவில்லை. சங்கத்தார் ஊராரிடம் கையேந்தினார்கள். மறு வருஷமே, 1975-ல், கப்பல் ஓடியது!

அதன் எஞ்சினில் மூன்று உருளைகள். கொதிகலனில் பிறக்கும் நீராவி முதலில் சின்ன உருளைக்குள் பாயும். அங்கே கொஞ்சம் வேகம் தணிந்து, அடுத்த பெரிய உருளைக்குப் போகும். பிறகு அதைவிடப் பெரியதற்குப் போகும். ஒரே ஆவியிடம் மூன்று முறை வேலை வாங்குகிறார்கள்! கரும்பை மறுபடி மறுபடி ஆலையில் கொடுத்துச் சாறு பிழிவதுபோல. பயணிகள் பக்கத்திலேயே நின்று இதைப் பார்க்கலாம்.

2019-ல் கொதிகலன்கள் கெட்டுவிட்டன. 23 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. மறுபடியும் ஊரார் கொடுத்தார்கள். 2020-ல் புதிய கொதிகலன்களோடு கப்பல் கிளம்பியது. கடலில் ஓடும் பயணிகள் சக்கரக் கப்பலில் உலகத்திலேயே மிஞ்சியது அது ஒன்றுதான்.

"கொதிகலனை மாற்றினால் அது பழைய கப்பலா?" என்று கேட்பீர்கள். திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். பல வருஷம் ஓடாமல் நின்ற தேர் அது. திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்தினார்கள். 1970-ல் தேர் ஓடியது. அது ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? வடம் பிடிக்க ஓடினோமே!

"வெள்ளைக்காரனிடம் பணம் இருக்கிறது, செய்கிறான்" என்பவர்களும் உண்டு. பணம் வேண்டும்தான். ஆனால் கைவேலை நம்மிடம் இல்லையா? அந்தத் திருச்சித் தொழிற்சாலை செய்வதே கொதிகலன்தான். 1855-ல் இங்கிலாந்தில் செய்த ஒரு ரயில் எஞ்சின் 1909-ல் ஓய்வு பெற்று, நூறு வருஷம் காட்சிப் பொருளாகக் கிடந்தது. இ.ஐ.ஆர். 21 என்று பெயர். அதைச் சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையில் பிரித்து, இல்லாத பாகங்களைச் செய்து, 2010-ல் ஓட விட்டார்கள். செய்தவர்கள் நம்ம ஊர்த் தொழிலாளர்கள்!

எல்லாப் பழைய கப்பலையும் வைத்துக் காப்பாற்றச் சொல்லவில்லை. அது நடக்காது, இடமும் இல்லை. ஏலத்துக்கு வரும் பழைய படகு, இழுவைக் கப்பல், பாரம் தூக்கி எதுவானாலும், உடைப்பதற்கு முன்னால் தொல்பொருள் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சர்க்கார் ஒரு விதி போடலாம். ஒருவர் வந்து பார்க்கட்டும். படம் எடுக்கட்டும். அளவு குறிக்கட்டும். முழுக் கப்பலுக்கு இடமில்லை என்றால் எஞ்சினையாவது கழற்றி வைக்கட்டும். வில்லிவாக்கம் ரயில் மியூசியத்தில் பிள்ளைகள் பழைய எஞ்சின்மேல் கைவைத்துப் பார்ப்பதுபோல அதையும் பார்ப்பார்கள். உலைக்காரருக்கு இதனால் நஷ்டம் இல்லை. நூறு லாரியில் ஒரு லாரிகூடக் குறையாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தா பாட்டி யாராவது போட் மெயிலில் போய்க் கப்பல் ஏறியிருந்தால், உட்காரவைத்துக் கேளுங்கள், எழுதிவையுங்கள். பரணில் அந்தக் காலத்து டிக்கெட்டோ, பெட்டிச் சீட்டோ, கப்பல் தளத்தில் நின்று எடுத்த போட்டோவோ கிடந்தால், பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.