கோதுக, குளிப்பாட்டற்க

ஏற்காட்டு மலையடிவாரத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் சென்ற ஆண்டு ஒரு பாரசீகப் பூனை இறந்தது. ஞாயிறுதோறும் கிருமிநாசினி கலந்த வெந்நீரில் அதனை முழுக்காட்டுவது அவ்வீட்டார் வழக்கம். ஒரு ஞாயிறன்று, தெள்ளுப்பூச்சிக்கென நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்தை அதன் பிடரியிலும் விட்டனர். “நாய்க்கும் பூனைக்கும் ஒரே பூச்சிதானே சார்” என்று கடைக்காரர் சொன்னாராம். மாலையில் உடல் வெடவெடத்தது; இரவில் வலிப்பு கண்டது; விடியுமுன் முடிந்தது.

“விதி” என்று ஆறுதல் கூறிய அண்டையாரோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. அந்த விதிக்குப் பெயர் பெர்மெத்ரின். நாய் தாங்கும் அளவு பூனையைக் கொல்லும். சில நஞ்சுகளைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயிலும், நீரில் விட்டவுடன் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளும், சுற்றுலா வந்தவர் மலையிலிருந்து வாங்கியிறங்கும் யூகலிப்டஸ் தைலமும் அதற்கு ஆகாதவை. மேலே பூசியதுதானே என்பர். பூனைக்கு மேல் வேறு, வாய் வேறு அன்று. விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை அது தன்னை நக்கிக்கொள்வதில் கழிக்கிறது. மயிரில் நாம் தடவுவதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகிறது.

பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டான் கம்பன். ஆண்டுதோறும் வகுப்பில் அவ்வவையடக்கத்தை நடத்துகிறோம். புலவனின் பணிவை விதந்தோதுகிறோம். பூனையின் நாவைப் பற்றி ஒரு மாணவரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் அந்நாவை ஆராய்ந்தனர். அதன் முட்கள் நுனியில் குழிந்து, சிறு அகப்பை போல் எச்சிலை முகந்து மயிரின் அடிவரை கொண்டு சேர்க்கின்றன. அந்த ஈரம் உலர்கையில் உடலும் குளிர்கிறது. சேலத்து வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பாரசீகப் பூனையின் மயிர் மிக நீண்டு அடர்ந்தது. அங்கே முள் தோலை எட்டுவதில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. மனிதன் தன் கண்ணுக்கு அழகாய் இருக்கட்டுமென்று வளர்த்தெடுத்த மயிரை, பூனையின் நாவால் ஆள முடியவில்லை. ஆகவே அந்த வேலை வளர்ப்போரின் கைக்கு வருகிறது.

அவ்வேலைக்கு இப்போது ‘குரூமிங்’ என்று பெயர். கேட்டால் குளிப்பாட்டுவது என்கிறார்கள். தமிழில் கோதுதல் என்றொரு சொல் இருக்கிறது. பறவை இறகைக் கோதும். தாய் மகளின் சிக்குண்ட கூந்தலை விரலால் கோதுவாள். பூனைக்கு வேண்டியது இதுவே. நீண்ட மயிருடையதை நாள்தோறும் அகன்ற பல்லுடைய எஃகுச் சீப்பால், மயிர் படியும் போக்கிலேயே வார வேண்டும். காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, வயிறு ஆகிய மூன்றிடத்திலும் சிக்கு விழும். விரலால் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம், கத்தரிக்கோல் வேண்டா. பூனையின் தோல் மெல்லியது, சிக்கைத் தூக்கினால் தோலும் கூடவே எழும், அறுபடும். பிரியாத சிக்கைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடலாம். நனைத்தாலோ சிக்கு இன்னும் இறுகும். அடிமயிர் உலராமல் கிடந்தால் தோல் கெடும். பாரசீகப் பூனைக்குப் படர்தாமரை எளிதில் பற்றும், அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

குளியலே கூடாதென்று நாம் சாதிக்கவில்லை. மேனியில் மண்ணெண்ணெயோ எந்திர எண்ணெயோ பட்டுவிட்டால், அது நக்குமுன் கழுவித்தான் ஆக வேண்டும். அதனை ஞாயிற்றுக்கிழமைச் சடங்காக்கியதே நம் பூசல். “நாங்கள் குளிக்கிறோம், அது அழுக்காகவா இருப்பது?” என்று சினந்த அம்மையார் ஒருவர் உண்டு. குதிரின்மேல் படுத்துறங்கிய நம் பாட்டிமாரின் பூனைகளை எவரும் குளிப்பாட்டவில்லை. அவை நாறவும் இல்லை. அவற்றுக்குக் குட்டைமயிர், நாவே போதுமாயிருந்தது. பாரசீகத்தை விலைகொடுத்து வாங்கியவர், நாளொன்றுக்குக் கால்மணி நேரத்தையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். அது இயலாதவர் தெருவில் திரியும் நாட்டுப்பூனைக் குட்டியொன்றை எடுத்து வளர்க்கட்டும். ‘பூனைக்கு’ என்று எழுதியிராத மருந்தைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கவே வேண்டா. இம்மாவட்டத்தில், தலைவாசலில், ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அவ்வீட்டார் மீண்டும் ஒரு குட்டி வாங்கியிருக்கிறார்கள். இதுவும் நீண்ட மயிருடையதே. நாமே ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனோம். மகிழ்ந்து பெற்றுக்கொண்டு, குளியலறை மாடத்தில், கிருமிநாசினிக் குப்பியின் அருகில் வைத்தார்கள்.