வந்து சேராத செய்தி



நகரத்தில் நீங்கள் ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறினீர்களா? பங்காருபாளையத்திலிருந்து தம்பி தன் ஐபோனில், "அம்மாவுக்குச் சுகமில்லை, ஜெபியுங்கள்" என்று அனுப்பும் குறுஞ்செய்தி உங்களுக்கு வராமற்போகலாம். பதில் காணாத தம்பியின் மனம் கசந்துபோகுமல்லவா?

2011-இல் வந்த ஐமெசேஜ் சேவையில் உங்கள் எண் இன்னும் பதிவாகியிருப்பதே காரணம். சிம்மைப் பழைய ஐபோனில் பொருத்தி, செட்டிங்ஸில் ஐமெசேஜை நிறுத்துங்கள். அந்தப் போன் கைவசம் இல்லையெனில், ஆப்பிள் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைப் பதிந்து நீக்கலாம்; இவ்வசதி 2014 முதல் உண்டு.

தானியேலின் ஜெபம் முதல் நாளிலேயே கேட்கப்பட்டும், பதிலைக் கொண்டுவந்த தூதன் 21 நாள் வழியில் தடுக்கப்பட்டான். ஆகையால், மௌனத்தைக் கண்டு சகோதரனை நியாயந்தீர்க்காதிருங்கள். இன்றே அழைத்துப் பேசுங்கள்.