ஆய்வக ராத்திரிகள் – 9: காந்தத்துக்குள்ள அப்பா

போன வாரம் அம்மா போன்ல, "அப்பாவுக்கு முதுகுல எம்.ஆர்.ஐ. எடுக்கணுமாம்டா. கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதாமே?"ன்னு கேட்டாங்க. குரலே சரியில்லை.

"எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இதுல இல்லம்மா. காந்தம், ரேடியோ அலை, உடம்புல இருக்கற தண்ணியோட ஹைட்ரஜன், அவ்ளோதான். பேஸ்மேக்கர், கிளிப்பு, உலோகம் ஏதாவது உள்ள இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. டமடமன்னு சத்தம் வரும், அப்பாவைப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

வச்சப்புறம்தான் சிரிப்பு வந்தது. நான் இங்கே ராத்திரி பூரா மல்லுக்கட்டறது அதே சாதியைச் சேர்ந்த என்.எம்.ஆர். கருவியோடதான். ஆஸ்பத்திரியில பெரும்பாலும் 1.5 இல்லன்னா 3 டெஸ்லா, எங்களுது 14.1. பென்சிலைவிட ஒல்லியான குழாய்க்குள்ள என் புரதக் கரைசல். அது முழுக்கக் காந்தப்புலம் ஒரே சீரா இருக்கணும். கொஞ்சம் பிசகினாலும் ஊசி மாதிரி நிக்கவேண்டிய கோடெல்லாம் இட்லி மாதிரி உப்பிடும். அந்தச் சீர்படுத்தற வேலைக்குப் பேர் ஷிம்மிங். என் தூக்கம் போறதே அதுலதான்.

பால் லாட்டர்பர் இதைத் தலைகீழாப் போட்டார். புலத்தை வேணும்னே சாய்ச்சு வச்சா, இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். அப்போ அதிர்வெண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிடலாமே! 1973-ல் அவர் வெளியிட்ட படத்துல இருந்தது ரெண்டே ரெண்டு மெல்லிய தண்ணிக் குழாய். அந்தக் கட்டுரையை 'நேச்சர்' முதல்ல திருப்பி அனுப்பிச்சது வேற கதை. 2003-ல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டோட சேர்ந்து நோபல். அந்தச் சாய்வை உண்டாக்கற சுருள்கள்ல மின்சாரம் மாறி மாறிப் பாயறப்போ வர்ற அதிர்வுதான் அந்த டமடம.

நேத்து அப்பாவே பேசினார். "உள்ளே மேளம்தான்டா. நான் தூங்கிட்டேன்."

ரிப்போர்ட் நாளைக்கு. இன்னிக்கு ஷிம்மிங்ல மனசு நிக்கலை.